நாற்பத்தோராவது நிமிடம்

எங்கள் தமிழ் ஆட்கள் விடைபெறுவதற்கு எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்று அண்மைக்காலம்வரை ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. அளக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. "சரி, அப்ப வாறன்" என்று ஒருவர் எழும்பினால் பேச்சு இனித்தான் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். அதுவரை கதிரையில் இருந்து கதைத்ததெல்லாம் சும்மா மரியாதைக்கு. மகளின் கலியாணம் குழம்பியது, வேலையால் நிற்பாட்டியது, டொக்டர் என்ன சொன்னார் என்பது போன்ற விடயங்களை வாசலில் ஒரு காலில் மட்டும் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டுதான் பேசுவார்கள். இல்லாவிட்டால் கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்லி, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவார்கள்.

இந்த வழக்கத்தை முதன்முதலில் மணிக்கூடு வைத்து அளந்த பெருமை கிறேஷியஸ் லொட்ஸ் என்ற கம்பனியைச் சேரும். நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் பிளாசா என்கிற கடைத்தொகுதிகளின் கார் நிறுத்தும் இடங்களைக் கமரா பூட்டிக் காவல்காக்கிற கம்பனி அது. அமிர்தநாதரும் நவரட்ணமும் விடைபெற எடுத்த நேரம் நாற்பத்தொரு நிமிடம் என்று அவர்களுடைய கணக்கில் வந்தது.

இருவரும் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ஒரே லைனில் எதிரெதிரே நின்று வேலை செய்தவர்கள். அமிர்தநாதர் வெக்ஸ்போர்டில் மனைவி றெஜினாவோடு இருந்தார். நவரட்ணம் மகன் வாங்கிய புது வீட்டுக்கு, அரை மணித்தியாலக் கார் ஓட்டத் தூரத்தில் உள்ள விட்பிக்கு, போய் ஆறு வருடம். போனாலும் சனிக்கிழமை பின்னேரம் வெக்ஸ்போர்ட் பிளாசாவில் உள்ள ரேக்அவுட் சாப்பாட்டுக் கடைக்கு வராமல் விடமாட்டார். ஆளுக்கொரு பிளேன் ரீ, இரண்டு கடலை வடை, கடைக்குள் அரை மணித்தியாலம். பிறகு "சரி, அப்ப வாறன்." மிச்சமெல்லாம் வெளியே, கார் பக்கத்தில்.

நவம்பர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நவரட்ணம் விட்பி வீட்டுக் குளியலறையில் விழுந்து செத்துப்போனார். மாரடைப்பு என்றார்கள்.

பூதவுடலைப் பார்வைக்கு வைத்த இடத்தில் அமிர்தநாதர் அழவில்லை. அழுகை வரும், வரும் என்று பஸ்ஸுக்குக் காத்து நிற்பதுபோல நின்றார். வரவில்லை. "உங்கட மனுசன் கல்லுப்போலை நிண்டார்" என்று இரண்டு மூன்று பேர் றெஜினாவிடம் சொன்னார்கள். உண்மையில் அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. ஒரே ஒரு கேள்விதான் உள்ளே கிடந்து அரித்தது. கடைசிச் சனிக்கிழமை அவ்வளவு நேரம் நின்று கதைத்தோமே, என்ன கதைத்தோம்? எவ்வளவு யோசித்தும் ஒரு சொல்லும் ஞாபகத்துக்கு வரவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் முதலாவது கடிதம் வந்தது.

"அன்புடையீர்," என்று அது தொடங்கியது. "தாங்கள் தேநீரைக் குடித்து முடித்து மாலை 4.12க்கு அதற்கான பணத்தைச் செலுத்திய கணமே எமது வளாகத்தில் தங்களின் நோக்கம் நிறைவெய்திவிட்டது. எனினும் 4.53வரை தாங்கள் அங்கேயே தங்கியுள்ளீர்கள். கடைக்குள் போகின்றவர், கடைக்குள் இருப்பவர், கடையிலிருந்து வெளியேறுபவர் ஆகிய மூவருமே வாடிக்கையாளர் ஆவர். இன்னொருவருடைய காரில் சாய்ந்துகொண்டு நிற்பவர் இம்மூன்றில் எதுவும் அல்லர். நோக்கமற்ற தங்கலுக்காக எண்பத்தேழு டொலரைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். இது எமது ஏழு படிக் கருணை நடைமுறையின் முதலாவது படியாகும்."

கீழே சான்று இலக்கம் ஒன்று என்று ஒரு படம் இருந்தது. இரண்டாவது நிமிடம். நவரட்ணம் தன்னுடைய சாம்பல் நிறக் காருக்குள் ஏறி இருக்கிறார். அமிர்தநாதர் கூரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குனிந்து நிற்கிறார். நவரட்ணத்தின் வாய் திறந்திருக்கிறது.

றெஜினா எட்டிப் பார்த்தார்.

"உதென்ன, பொலிஸ் ரிக்கற்றே?"

"இல்லை. ஒரு கம்பனி."

"கம்பனியோ பொலிஸோ, கட்டிப்போட்டு விடுங்கோ. ஏன் சோலி?"

அமிர்தநாதர் படத்தில் நவரட்ணத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். 'வின்ரர் ரயர்' என்று மனதுக்குள் ஒரு சொல் வந்தது. ஓம், பனிக்காலம் வருகுது, வின்ரர் ரயர் மாற்றியாச்சோ என்றுதான் நவம் முதலில் கேட்டது. பத்து நாளில் அவருக்கு முதன்முதலாகத் திரும்பக் கிடைத்த விடயம் அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் விசாரித்தபோது சனம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி உடனே கட்டச் சொன்னது. மற்றப் பகுதி அது அரசாங்க ரிக்கற் இல்லை, கிழித்து எறியுங்கோ என்றது. இந்த விவாதம் கோயில் கார் நிறுத்தும் இடத்தில் ஐம்பது நிமிடம் நடந்தது. நல்ல காலம், பங்குத்தந்தை அங்கே கமரா பூட்டியிருக்கவில்லை.

அமிர்தநாதர் நவரட்ணத்தின் மகன் சுலக்சனுக்குப் போன் எடுத்தார். அந்தக் காரும் அதே நேரம்தானே நின்றது?

"ஓம் அங்கிள், எங்களுக்கும் வந்திச்சு. நான் உடனை ஓன்லைன்லை பே பண்ணீட்டன். இற்ஸ் லைக், எயிற்றி பக்ஸ். இப்ப இருக்கிற பிரச்சினையளுக்கை ஆருக்கு அங்கிள் ரைம்?"

"அதிலை ஒரு படம் இருந்திருக்குமே தம்பி?"

"படமோ? நோ ஐடியா, அங்கிள். நான் ஸ்குறோல் பண்ணிப் பாக்கேல்லை."

இரண்டாவது கடிதம் இரண்டு கிழமையில் வந்தது. அதில் ஒன்பதாவது நிமிடம். நவரட்ணம் காரைவிட்டு இறங்கி, பின்பெட்டியைத் திறந்து, கார்க் கண்ணாடியில் பனி தட்டுகிற நீளப் பிறஷை அமிர்தநாதரிடம் நீட்டுகிறார். அமிர்தநாதர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கீழே போய்த் தன்னுடைய காரைத் திறந்து பார்த்தார். சிவப்புப் பிடி போட்ட புதுப் பிறஷ் பின் சீற்றில் கிடந்தது. அதை யார் தந்தது என்றுகூட அவர் அதுவரை யோசிக்கவில்லை. பிறஷைக் கையில் எடுத்துக்கொண்டு குளிருக்குள் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அந்தக் கடிதம் அவரை முகத்துக்கு முகம் கருணைச் சந்திப்பு ஒன்றுக்கும் அழைத்திருந்தது. மேன்முறையீடு என்ற சொல் வாடிக்கையாளரின் மனதைப் புண்படுத்துவதால் கம்பனி அதைக் கைவிட்டிருந்தது. அலுவலகம் மார்க்கம் வீதியில், இரண்டாம் மாடியில். கீழே கார் விட இடம் இருந்தது, முப்பது நிமிடம் இலவசம். சந்திப்புக்கு வருபவர்கள் குறைந்தது ஐம்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. அமிர்தநாதர் பஸ்ஸில் போனார்.

சமூக உறவுகளுக்கான மூத்த உபதலைவர் அவரை எழும்பி நின்று வரவேற்றார். நல்ல மனிதர். கோவையைத் திறந்து, முதல் தாளைப் பார்த்து, "உங்கள் இழப்புக்காக மனம் வருந்துகிறோம்" என்று வாசித்தார்.

"நாங்கள் உங்கள் சமூகத்தை மிகவும் மதிக்கிறோம்," என்று தொடர்ந்தார். "எங்கள் வருமானத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு வீதம் உங்கள் சமூகத்திலிருந்து வருகிறது. இது நீங்கள் பெருமைப்பட வேண்டிய விடயம். மற்றவர்கள் வருவார்கள், சாப்பாட்டை வாங்குவார்கள், போய்விடுவார்கள். அவர்களை நம்பி ஒரு கம்பனி நடத்த முடியாது. நீங்கள்தான் நிற்கிறீர்கள். அந்த அன்பைப் பார்த்துத்தான் நாங்கள் ரேக்அவுட் கடைக்கு முன்னால் இன்னும் இரண்டு கமரா பூட்டினோம்."

"நாங்கள் போட்டுவாறன் சொல்லிக்கொண்டு நின்றோம்," என்றார் அமிர்தநாதர்.

"அது எங்களுக்குத் தெரியும். அதை ஆராய ஒரு நிபுணரையும் வைத்தோம். இரண்டு வயதுவந்த மனிதர்கள் முறையாக விடைபெறத் தொண்ணூறு விநாடி போதும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கை கொடுக்க நாலு விநாடி. குடும்பத்தை விசாரிக்க இருபது. காலநிலைக்கு முப்பது. மிச்சம் முப்பத்தாறு விநாடியும் உணர்ச்சிக்கு. இதை நாங்கள் தாராளமாகவே ஒதுக்கியிருக்கிறோம். மேலதிக உணர்ச்சி இருந்தால் வீட்டுக்குப் போய் போனில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு நாங்கள் ஒரு சதமும் அறவிடுவதில்லை."

அமிர்தநாதர் தலையாட்டினார். "மிச்சப் படங்களை நான் பார்க்கலாமா?"

உபதலைவர் பேனையைக் கீழே வைத்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"இப்போதே பணத்தைக் கட்டினால் கோவை மூடப்படும். உங்கள் தனியுரிமை எங்களுக்கு உயிர் மாதிரி. ஆகவே இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் எல்லாப் படத்தையும் அழித்துவிடுவோம். கட்டாவிட்டால் நிலைமை வேறு. ஒவ்வொரு படிக்கும் ஒரு புதிய சான்றை உங்களுக்கு அனுப்ப நாங்கள் கடமைப்பட்டவர்கள். கடைசியாக, ஏழாவது படியில், வெளிவாசல் கமராவின் படம் வரும். நாற்பத்தோராவது நிமிடம். அதில் வெளியேறுகிறவர்களுடைய முகம் பல்லுத் தெரிய விழுந்திருக்கும். அந்த இடத்தில் எல்லோருமே பயந்து கட்டிவிடுவார்கள்."

"நன்றி," என்றார் அமிர்தநாதர். எழும்பிப்போய் உபதலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாலு விநாடிக்குமேல் பிடித்திருந்ததாகக் குறிப்பில் பதிவாகியது.

மூன்றாவது படம் பதினாறாவது நிமிடம். இருவரும் குந்தியிருந்து அமிர்தநாதரின் முன் ரயரைப் பார்க்கிறார்கள். நாலாவது இருபத்திரண்டாவது நிமிடம். நவரட்ணம் காரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறார். அமிர்தநாதரும் சிரிக்கிறார். எதற்குச் சிரித்தார்கள்? அதை அமிர்தநாதர் சீனிப் பேணியில் சாய்த்து வைத்து ஒரு கிழமை பார்த்தார். எதுவும் வரவில்லை. பிறகு மகள் மெலனி சின்ன வயதில் கோயிலில் முதல்நன்மை வாங்கியபோது எடுத்த படங்களின் அல்பத்தில் கடைசிப் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தது ஞாபகம் வர, நாலையும் வெட்டி அதில் ஒட்டினார்.

"உந்தக் கடுதாசியளை அல்பத்திலை ஒட்டுற அளவுக்கு உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்று றெஜினா கேட்டார்.

"கிடக்கட்டும்."

"நீங்கள் நவமண்ணைக்கு அழுதிருந்தால் உது ஒண்டும் வந்திராது," என்று சொல்லிவிட்டு றெஜினா குசினிக்குப் போனார். அது சரியாகவும் இருக்கலாம் என்று அமிர்தநாதர் நினைத்தார். ஆனால் அழுவது எப்படி என்று யாரிடமும் கேட்க முடியாது.

நாலாவது படியோடு கோவை கிறேஷியஸ் லொட்ஸின் கையைவிட்டு ஜென்ரில் றிமைண்டர் என்ற கடன் அறவிடும் கம்பனிக்குப் போயிருந்தது. அவர்களுடைய கடிதங்களில் தொகை ஏற ஏறப் பாசமும் ஏறியது. "அன்புடையீர்" என்பது "இனிய நண்பர் அமிர்தநாதருக்கு" என்று மாறியது. "உங்களைப் பற்றி எமது குழு அடிக்கடி பேசிக்கொள்கிறது" என்று எழுதினார்கள். கிறிஸ்மஸுக்கு ஒரு வாழ்த்து மட்டை வந்தது. அதில் மாட்டுத்தொழுவமும் குழந்தை யேசுவும் இருந்தன. கீழே, திருநாள் வட்டி சேர்க்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி.

ஜனவரியில் போன் வந்தது. ஒரு பெண்பிள்ளை ஆங்கிலத்தில், இந்த உரையாடல் உங்கள் நன்மைக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று தொடங்கினாள். அமிர்தநாதர் ஆங்கிலத்தில் "யெஸ், யெஸ்" என்ற விதத்திலேயே அவளுக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், நான் தனுஷிகா. தமிழ்தான். ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ, உதைக் கட்டிப்போட்டு விடுங்கோ. இல்லாட்டி இவை விடமாட்டினம்."

"பிள்ளை, ஏழாவது கடிதம் எப்ப வரும்?"

"என்ன?"

"அஞ்சாவது இன்னும் வரேல்லை. ஏழாவது எத்தினையாம் திகதி வரும் எண்டு சொல்லேலுமோ?"

மறுமுனையில் தட்டச்சு நின்றது. "அங்கிள், நான் இஞ்சை மூண்டு வருசம் வேலை செய்யிறன். கடிதம் வரேல்லை எண்டு ஒருத்தரும் இதுவரை கொம்ப்ளெயின் பண்ணினதில்லை."

"அந்தப் படங்கள் உமக்குத் தெரியுமோ பிள்ளை? உம்மடை கொம்பியூட்டரிலை?"

"இல்லை அங்கிள். எங்களுக்குப் படம் காட்டமாட்டினம். பேர், போன் நம்பர், தொகை, அவ்வளவுதான். முகத்தைப் பாத்தால் நாங்கள் இரக்கப்பட்டிடுவமாம், றெயினிங்கிலை சொன்னவை."

ஐந்தாவது கடிதம் பெப்ரவரி நடுப்பகுதியில் வந்தது. அமிர்தநாதர் அதைத் தபால்பெட்டியடியில் நின்றே உடைத்தார்.

இருபத்தொன்பதாவது நிமிடம். நவரட்ணம் காருக்கு வெளியே நிற்கிறார். ஜக்கற் திறந்திருக்கிறது. வலது கை ஜக்கற்றுக்குள் போய் இடப் பக்க நெஞ்சில் இருக்கிறது. முகம் கொஞ்சம் கீழே பார்த்தபடி. இரண்டடி தள்ளி அமிர்தநாதர் தன்னுடைய போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அவர் அந்தப் படத்தோடு வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். நவரட்ணம் மூக்குக்கண்ணாடியை இடப்பக்கச் சட்டைப் பைக்குள்தான் வைப்பார். கடைக்குள் தேநீர் ஆவி படியுமென்று கழற்றி அங்கே வைத்துவிட்டு, அரைவாசி நாள் போட மறந்து, கண்ணாடி இல்லாமலே விட்பிவரை கார் ஓடிப்போய் மகனிடம் ஏச்சு வாங்குவார். ஆகவே அந்தக் கை கண்ணாடியைத் தேடியிருக்கலாம். அல்லது மூன்று நாள் கழித்து வரப்போகிற மாரடைப்பு அப்போதே ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம். இரண்டில் எது என்று படத்தில் இல்லை. பக்கத்தில் நின்றவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்றவன் போனில் என்ன பார்த்தான் என்றால், அதுவும் ஞாபகமில்லை.

வெளிவாசல் படத்தில் நவரட்ணத்தின் முகத்தில் கண்ணாடி இருந்தால் கை கண்ணாடிக்குத்தான் போனது. இல்லாவிட்டால் இல்லை. அன்றும் வழமைபோல நவரட்ணத்தின் கார் முன்னுக்கும் அமிர்தநாதரின் கார் பின்னுக்குமாக ஒன்றாகத்தான் வெளியேறின, இரண்டும் ஒரே படத்தில் விழுந்திருக்கும். ஏழாவது கடிதம் வந்தால் தெரிந்துவிடும். இதை அவர் றெஜினாவிடம் சொல்லவில்லை. சொல்வதென்றால், 'அவன் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான், நான் போன் பாத்துக்கொண்டு நிண்டன்' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்த வசனம் அவருக்கு வரவில்லை.

ஆறாவது, மார்ச் மாதம். முப்பத்தைந்தாவது நிமிடம். பேக்கரிப் பாண் ஏற்றுகிற வான் ஒன்று குறுக்கே போகிறது. வானுக்கு மேலாக அமிர்தநாதரின் தொப்பி தெரிகிறது. நவரட்ணம் வானுக்குப் பின்னால். பாண் வெள்ளை மாவா, தவிட்டு மாவா என்றுகூட அந்தப் படத்தில் வாசிக்கலாம்.

அந்தக் கடிதத்தோடு ஒரு துண்டும் இருந்தது. கடனாளி நினைவூட்டல் கடிதங்களால் பயனடைகிறார் என்று எமது அழைப்புப் பிரிவு அறிக்கையிட்டுள்ளது. பயன் கிடைக்கும் எதுவும் சேவையாகும். சேவை எதுவும் இலவசமல்ல. எனவே இதுவரை பார்க்கப்பட்ட ஆறு சான்றுகளுக்கும் பார்வைக் கட்டணம் சேர்க்கப்படுகிறது. பார்க்காமல் திருப்பி அனுப்பினால் தள்ளுபடி உண்டு.

இந்த இடத்தில் மெலனி வந்து சேர்ந்தாள். மெலனிக்கு முப்பத்தொரு வயது. ஒரு காப்புறுதிக் கம்பனியில் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுகிற வேலை. அவளும் மாப்பிள்ளையும் ரூஜில் ஒரு வீடு வாங்கவிருந்தார்கள். வங்கிக் கடனுக்கு அமிர்தநாதர் பிணைக் கையெழுத்து வைத்திருந்தார். அவருடைய பெயரில் கட்டாத கடன் என்று கலெக்ஷன் ஒன்று கிடக்கிறது, மோர்ட்கேஜ் தரமுடியாது என்று வங்கி சொல்லிவிட்டது.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? ஒரு பார்க்கிங் ரிக்கற்றோ? எண்பத்தேழு டொலர், அதை நாலு மாசமாக் கட்டாமல் வைச்சிருக்கிறீங்கள்?"

"இன்னும் ஒண்டுதான் பிள்ளை. ஏழாவது வரட்டும். வந்த உடனை எல்லாத்தையும் கட்டுறன்."

"வட் செவன்த்? வீட்டுக்கு ஃப்ரைடே மட்டும்தான் ரைம் இருக்கு!"

அவளுக்குச் சொல்லியிருக்கலாம். அல்பத்தை எடுத்துக் காட்டியிருந்தால் போதும், விளங்குகிற பிள்ளை. அவர் வாயைத் திறந்தார். "கொஞ்சம் பொறு" என்றுதான் வந்தது. மெலனி கடிதங்கள் இருந்த உறையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

போய், தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தாள். ஒரு முதியவர், நண்பரை இழந்தவர், கிறிஸ்மஸ் மட்டையில்கூட வட்டி போடப்பட்டவர் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினாள். குழந்தை யேசுவின் படத்தையும் இணைத்தாள். மூன்று தொலைக்காட்சிக்குப் பிரதி அனுப்பினாள். வியாழக்கிழமை மத்தியானம் மூத்த உபதலைவரே கைப்படக் கையெழுத்து வைத்த கடிதம் கூரியரில் வந்தது.

"உங்கள் கதை எங்களைக் கண்ணீர் சிந்த வைத்தது. நல்லெண்ணத்தின் அடையாளமாகக் கட்டணம் முழுவதும் இரத்துச் செய்யப்படுகிறது. ஏழாவது படிக்கு உங்களை இட்டுச்செல்ல எமக்கு மனம் இடம்தரவில்லை."

படம் எதுவும் இணைக்கப்படவில்லை.

மெலனி கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். வீடு கிடைத்துவிட்டது. தகப்பனைக் கட்டிப்பிடித்து, "ஐ காட் யூ, அப்பா" என்றாள். அமிர்தநாதர் அவளுடைய முதுகில் தட்டினார். "நல்லது பிள்ளை. நல்லாச் செய்தாய்," என்றார். கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டார். அது இனிப்பா என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திராது.

மறுநாள் ஜென்ரில் றிமைண்டருக்குப் போன் எடுத்தார். இருபது நிமிடம் சங்கீதம் கேட்ட பிறகு தனுஷிகா வந்தாள்.

"கொங்கிராஜுலேஷன்ஸ் அங்கிள்! ஒஃபிஸிலை எல்லாரும் உங்களைப் பற்றித்தான் கதை. நீங்கள் வெண்டிட்டியள்."

"பிள்ளை, அந்த ஏழாவது படம்."

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம். "கோவை மூடீட்டினம் அங்கிள். எல்லாம் டிலீற். நேற்றுப் பின்னேரம் அஞ்சரைக்கு எண்டு கிடக்கு. உங்கட பிரைவசிக்காக."

"ஒரு இடத்திலையும் இராதோ?"

"இராது அங்கிள்." பிறகு குரல் மாறியது. "இண்டைக்கு வேறை ஏதும் உதவி வேணுமோ? சொறி, அதை நான் கட்டாயம் கேக்கவேணும்."

"இல்லைப் பிள்ளை. சரி, அப்ப வாறன்."

அவளும் எங்கள் வீட்டுப் பிள்ளைதானே, உடனே போனை வைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை. "அங்கிள், அந்தப் படத்திலை ஆர்…" என்று அவள் கேட்கத் தொடங்கினாள். நிலுவை இல்லாதவர்களின் அழைப்புகள் தொண்ணூறு விநாடியில் தானாகவே துண்டிக்கப்படும் என்று ஒரு ஆண்குரல் சொன்னது. துண்டிக்கப்பட்டது.

மே மாதத்து முதல் சனிக்கிழமை அமிர்தநாதர் பிளாசாவுக்குப் போனார். நவம்பருக்குப் பிறகு போகவில்லை. ஒரு பிளேன் ரீ குடித்தார். கடலை வடை இரண்டு கேட்டு, ஒன்றைத் தின்று, மற்றதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

அவர்கள் வழக்கமாக நின்ற இடத்தில் மஞ்சள் கோடு அடித்திருந்தது. இரண்டு கார், கண்ணாடியும் கண்ணாடியும் பார்த்தபடி நிற்க ஏற்ற அளவு. பக்கத்தில் ஒரு பலகை, ஆங்கிலத்திலும் தமிழிலும். "விடைபெறல் வலயம். எமது தமிழ் வாடிக்கையாளர்களின் குரலுக்குச் செவிசாய்த்தோம். தொண்ணூறு விநாடி இலவசம். அதற்குமேல் பதினைந்து நிமிடத்துக்கு நாலு டொலர்." கீழே காசு போடுகிற இயந்திரம்.

அமிர்தநாதர் அதன் முன்னால் போய் நின்றார். இயந்திரம் அவருடைய கார் இலக்கத்தைக் கேட்டது. அழுத்தினார். யாரிடம் விடைபெறுகிறீர்கள், அவருடைய கார் இலக்கத்தைப் பதியுங்கள் என்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் முன்னுக்குப் போகிற காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வெளியேறியவர் அவர். யோசிக்காமலே விரல் அழுத்தியது.

இயந்திரம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு திரையில் எழுத்து வந்தது.

"இந்த வாகனத்துக்கு நிலுவை எதுவும் இல்லை. நீங்கள் விடைபெறலாம்."

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். ஆறு மாதமாகக் காத்து நின்ற அழுகை இப்போது வருகிறது என்று தெரிந்தது. ஆனால் இயந்திரம் விநாடியை எண்ணத் தொடங்கியிருந்தது. எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு. பக்கத்து மஞ்சள் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. அவர் அதன் ஓரத்தில், நவரட்ணத்தின் காரின் கூரை இருக்கவேண்டிய உயரத்தில் கையை ஊன்றப்போய், ஊன்ற ஒன்றும் இல்லாமல் எடுத்துக்கொண்டார்.

இயந்திரம் ஒரு துண்டைத் தள்ளியது. அதைக் கிழித்தெடுத்து, ஜக்கற்றைத் திறந்து, இடப்பக்கச் சட்டைப் பைக்குள் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றார்.

கம்பத்தில் இருந்த கமரா அவர் பக்கம் திரும்பி ஒரு படம் எடுத்தது.